மண்ணைப் பார்த்துப் பாதை போடுங்கள்: கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் கிராவல் சைக்கிள் ஓட்ட ஒரு முழு வழிகாட்டி

நம் பக்கத்தில் கிராவல் என்றால் லாரியில் வந்து இறங்கும் செம்மண் சரளை. மனையை மேடாக்க வேண்டியவர் "நாலு லோடு கிராவல் அடிச்சிடுங்க" என்பார். கிராவல் சைக்கிளும் அந்த மண்ணுக்கானதுதான். ரேஸ் சைக்கிள் போல வளைந்த ஹேண்டில், மலைச் சைக்கிளுக்குப் பக்கத்தில் வரும் அகல டயர். தாரிலும் ஓடும், தார் முடிந்த பிறகும் ஓடும்.

கடலூரிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ கிளம்பினால் மலை ஏற்றம் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. அதனால் சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே ஆளைச் சோதிப்பவை மண்ணும் முள்ளும் வெயிலும். போகப் போகச் செம்மண், ஆற்று மணல், வண்டல், களிமண் என்று நான்கு விதமாகத் தரை மாறும். எந்த மண்ணில் எப்போது போகலாம் என்று தெரிந்தவருக்குத் தென்பெண்ணைக் கரையும் முந்திரித் தோப்பும் ஆண்டில் எட்டு மாதம் திறந்தே இருக்கும். தெரியாதவர் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு திரும்புவார். ஆகவே வண்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன் மண்ணைப் பற்றிப் பேசிவிடலாம்.

1. நான்கு மண், நான்கு குணம்

செம்மண் சரளை. கடலூரின் கேப்பர் மலை, பண்ருட்டி முந்திரிக்காடுகள், ஆரோவில் மேடு எல்லாம் இந்த வகை. புவியியலில் 'கடலூர் மணற்கல்' என்று இந்த ஊரின் பெயரிலேயே ஒரு பாறைத் தொகுதி உண்டு. அது சிதைந்து, இரும்புச் சத்து துருவேறிச் சிவந்ததுதான் நம் செம்மண். கோடையில் மேல்பரப்பு கெட்டியாக இருக்கும். அதன்மேல் சுண்டைக்காய் அளவு உருண்டைச் சரளை சிதறிக் கிடக்கும். திருப்பத்தில் வண்டியைச் சாய்த்தால் அந்தச் சரளை உருண்டு முன்சக்கரம் வழுக்கிப் போகும். பிரேக்கைத் திருப்பத்துக்கு முன்பே பிடித்து முடித்துவிட்டு, திருப்பத்துக்குள் பிரேக்கைத் தொடாமல் வண்டியை நிமிர்த்தியே ஓட்டுங்கள். செம்மண்ணுக்கு மிக நல்ல நாள், லேசான மழை பெய்த மறுநாள் காலை. தூசி அடங்கி, சரளை மண்ணில் பதிந்து, டயர் நன்றாகப் பிடிக்கும். கனமழை பெய்தால் மட்டும் இரண்டு நாள் விட்டுவிடுங்கள்.

மழைநீர் செம்மண்ணை எளிதில் அரித்துவிடும். பொம்மையார்பாளையம் பக்கத்தில் ஆள் உயரத்துக்கும் மேல் பள்ளத்தாக்காகவே அரித்துப் போட்டிருக்கிறது. பாதையின் நடுவே ஓடும் அரிப்புக் கோட்டுக்குள் சக்கரம் இறங்கிவிட்டால் பக்கவாட்டில் உரசி ஏற முயல வேண்டாம், அப்படித்தான் பலரும் விழுகிறார்கள். வேகத்தைக் குறைத்து, அது ஆழம் குறையும் இடம்வரை உள்ளேயே போய், முன்சக்கரத்தைச் சற்றுத் தூக்கி வெளியே எடுங்கள்.

ஆற்று மணல். தென்பெண்ணைப் படுகை, கெடிலம் படுகை, கடற்கரைப் பாதைகள். இதில் தேவை தொடர்ந்த மிதி. சின்ன கியருக்கு மணல் வருவதற்கு முன்பே மாறிக்கொள்ளுங்கள். மணலுக்குள் போனபின் மாற்றினால் செயின் இழுபட்டுத் தவறும். உடல் எடையைப் பின்னுக்குத் தள்ளி, கையை இளக்கமாக வையுங்கள். முன்சக்கரம் கொஞ்சம் அலையும், அலையட்டும். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் சக்கரம் புதைந்து நின்றுவிடும்.

வண்டல். ஆற்றங்கரை வயலோரப் பாதைகள். காய்ந்தால் மாவு போல் தூசி, நனைந்தால் வழவழப்பு. தூசிக்கு அடியில் டிராக்டர் டயர் போட்ட பள்ளம் ஒளிந்திருக்கும். முன்னால் போகும் வண்டிக்கு இருபது அடியாவது இடைவெளி விடுங்கள்.

களிமண். வீராணம், காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கத்து டெல்டா நிலம். காய்ந்த களிமண் கரை தார்ச்சாலை போலவே ஓடும். நனைந்தால் ஐம்பது மீட்டரில் டயரைச் சுற்றிக் களி திரண்டு, ஃபிரேமுக்கும் டயருக்கும் இடையில் அடைத்துச் சக்கரத்தை நிறுத்திவிடும். அப்போது வலுவாக மிதிக்கக் கூடாது. களியோடு சேர்ந்து வைக்கோல், குச்சி எல்லாம் சுற்றி, கியர் மாற்றும் டிரெய்லியரை (derailleur) இழுத்து, அது மாட்டியிருக்கும் ஹேங்கரை முறித்துவிடும். உடனே இறங்கி, குச்சியால் களியைக் குத்தி எடுத்துவிட்டு, புல் முளைத்த ஓரமாகத் தள்ளிக்கொண்டே தார்ச்சாலைக்கு வாருங்கள்.

2. வண்டியும் டயரும்

விலை உயர்ந்த கிராவல் சைக்கிள் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. 700க்கு 38 அல்லது 40 அளவு (சக்கர அளவு 700, டயர் அகலம் 38 அல்லது 40 மி.மீ.) டயர் ஏறக்கூடிய ஹைப்ரிட் சைக்கிளில் இந்த வட்டாரத்தின் பெரும்பாலான பாதைகளை ஓட்டிவிடலாம். வாங்கும்போதும் மாற்றும்போதும் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, டயருக்கும் ஃபிரேமுக்கும் இடையே இருபுறமும் 5 அல்லது 6 மி.மீ. இடைவெளி. செம்மண் சேறுக்கே இந்த இடம் தேவைப்படும். இரண்டாவது, டிஸ்க் பிரேக். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கில் செம்மண் குழம்பு உப்புத்தாள் போல ரப்பரையும் ரிம்மையும் சேர்த்துத் தேய்க்கும். மூன்றாவது, மணலுக்குப் போதுமான சின்ன கியர். முன்னால் 40 பல்லும் பின்னால் 42 பல்லும் இருந்தால் தாராளம். 46/30 முன்பல், 11 முதல் 34 வரை பின்பல் இருந்தாலும் போதும். நம் சமவெளியில் மேல்கியர் அவ்வளவாகத் தேவைப்படாது.

டயரின் நடுப்பகுதி கிட்டத்தட்ட வழவழப்பாகவும் ஓரங்களில் சின்னக் குமிழ்களோடும் இருக்கட்டும். நம் பாதைகளில் பாதித் தூரம் எப்படியும் தார்தான். பெரிய குமிழ் டயர் தாரில் இழுக்கும், களிமண்ணில் இன்னும் அதிகக் களியை அள்ளும்.

3. காற்று எவ்வளவு

பெரும்பாலோர் செய்யும் தவறு காற்றை அதிகமாக அடிப்பது. பெட்ரோல் பங்கில் 60 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்துக்கொண்டு வந்தால் சரளையில் வண்டி குதிக்கும், டயர் தரையைப் பிடிக்காது, கை மரத்துப் போகும்.

65 முதல் 75 கிலோ எடை உள்ளவர், 40 மி.மீ. ட்யூப்லெஸ் டயர் என்று வைத்துக்கொண்டால்: கெட்டிச் செம்மண்ணுக்கு முன்னால் 32, பின்னால் 35 பிஎஸ்ஐ. மணல் அதிகமான நாளில் முன்னால் 25, பின்னால் 28. ட்யூப் போட்ட டயர் என்றால் இரண்டிலும் 6 கூட்டுங்கள். இல்லாவிட்டால் கல்லில் ஏறும்போது ட்யூப் ரிம்முக்கு நடுவே நசுங்கி அருகருகே இரண்டு கீறல் விழும். உடல் எடை 10 கிலோ கூடினால் 2 பிஎஸ்ஐ கூட்டுங்கள், குறைந்தால் குறையுங்கள். இவை தொடக்க எண்கள். முதல் மூன்று ஓட்டத்தில் ஒவ்வொரு தடவையும் 2 பிஎஸ்ஐ மாற்றிப் பார்த்து, ரிம் கல்லில் இடிக்கிற சத்தம் கேட்பதற்குச் சற்று மேலே நிறுத்திக்கொள்ளுங்கள். 20க்குக் கீழே போக வேண்டாம், திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும்.

அளவுமானி உள்ள பம்ப் வீட்டில் கட்டாயம் வேண்டும். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது 30க்கும் 40க்கும் வித்தியாசம் சொல்லாது.

4. முள்: இதுதான் பெரிய எதிரி

இந்த வட்டாரத்தில் மூன்று வகை முள் டயரைப் பதம் பார்க்கும்.

நெருஞ்சி: கரைமேட்டிலும் களத்துமேட்டிலும் மஞ்சள் பூவோடு தரையோடு படர்ந்திருக்கும். காய்ந்த காய் எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கி நிற்கும். ஒரே தடவையில் பத்துப் பதினைந்து ஏறும், ஆனால் ஓட்டை சிறியது. ட்யூப்லெஸ் டயருக்குள் ஊற்றி வைக்கும் சீலன்ட் திரவம் இதை உடனே அடைத்துவிடும்.

சீமைக்கருவேலம்: ஏரி, ஆற்றங்கரை எங்கும் இருக்கிறது. மரம் வெட்டி விறகு ஏற்றிப்போன பாதை மிக ஆபத்து, மிலாறுகள் உதிர்ந்து கிடக்கும். முள் நீளமானது, ட்யூபின் ஒரு பக்கத்தில் நுழைந்து மறுபக்கமும் போகும். ட்யூப்லெஸ் டயரில் முள் குத்தி நின்று காற்றும் போகவில்லை என்றால் அங்கேயே பிடுங்க வேண்டாம். வீட்டுக்கு வந்து, சீலன்ட் ஓட்டைப் பக்கம் வரும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்துப் பிடுங்குங்கள்.

பனங்கருக்கு: காய்ந்த பனைமட்டையின் இரு விளிம்பிலும் ரம்பம் போன்ற பல். மிதித்து ஏறினால் டயரின் பக்கச்சுவர் கிழியும். பக்கச்சுவர்க் கிழிசலைச் சீலன்ட் அடைக்காது. பழைய டயரில் 5க்கு 7 செ.மீ. துண்டு வெட்டிப் பையில் வைத்திருங்கள். அதை உள்பக்கம் ஒட்டவைத்து, ட்யூப் போட்டு, குறைந்த காற்றில் வீடு வந்து சேரலாம். பாதையில் பனைமட்டை கிடந்தால் இறங்கி ஓரமாகத் தூக்கிப் போடுங்கள், பின்னால் வருபவருக்கும் உதவி.

சீலன்ட் அளவு 40 மி.மீ. டயருக்கு 60 முதல் 80 மி.லி. நம் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை வால்வ் உள்ளீட்டைக் கழற்றி, மெல்லிய குச்சி விட்டுப் பாருங்கள். குச்சி நனையாமல் வந்தால் மீண்டும் 40 மி.லி. ஊற்றுங்கள். காய்ந்த சீலன்டோடு ஓடும் ட்யூப்லெஸ் டயர், ட்யூப் டயரைவிட மோசம்.

பையில் இருக்க வேண்டியவை: இரண்டு ட்யூப் (ட்யூப்லெஸ் ஓட்டுபவருக்கும்), மூன்று டயர் லீவர், ஒட்டுப் பெட்டி, ஐந்து ட்யூப்லெஸ் அடைப்புத் திரி, கைப்பம்ப், 4, 5, 6 மி.மீ. ஆலன் கீயும் டி25 நட்சத்திர முனையும் உள்ள மடக்குக் கருவி, உங்கள் செயின் எத்தனை ஸ்பீடோ அதற்கான இணைப்புக் கண்ணி, உங்கள் ஃபிரேமுக்கான ஹேங்கர், ஆறு ஜிப் டை, பழைய பனியன் துணி, ஒரு முள்வாங்கி. முள்வாங்கியைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். டயருக்குள் உடைந்து நிற்கும் கருவேல நுனியை விரலால் எடுக்க முடியாது, எடுக்காமல் புது ட்யூப் போட்டால் அடுத்த கிலோமீட்டரில் அதுவும் போகும். டயரின் உள்பக்கத்தைத் துணியால் முழுச் சுற்று தடவிப் பாருங்கள். துணி மாட்டும் இடத்தில் முள் இருக்கும்.

5. பாதை வரைவது

செயற்கைக்கோள் படத்தைத் திறந்து ஆற்றைப் பிடியுங்கள். ஆற்றுக்கு இணையாக, ஒரே அகலத்தில், ஒரு பக்கம் நிழல் விழுந்து போகும் கோடுதான் கரை. தோப்புக்குள் போகும் வண்டிப்பாதை சிவப்புக் கோடாகத் தெரியும். அது எங்காவது தார்ச்சாலையில் சேர்கிறதா, தோப்பு நடுவே மோட்டார் கொட்டகையில் முடிகிறதா என்று கடைசிவரை இழுத்துப் பாருங்கள். கொட்டகையில் முடியும் கோடு தனியார் நிலம்.

ஒவ்வொரு 5 அல்லது 6 கிலோமீட்டருக்கும் தார்ச்சாலைக்கு வெளியேறும் இடம் ஒன்று இருக்கும்படி வரைந்துகொள்ளுங்கள். முள், மழை, உடல்நிலை எதுவானாலும் முக்கால் மணி நடையில் சாலைக்கு வந்துவிட முடியும். வரைந்த கோட்டை ஜிபிஎக்ஸ் கோப்பாக (வழித்தடத்தைப் பதியும் கோப்பு) சேமித்து, வரைபடத்தையும் இணையம் இல்லாமல் பார்க்கும்படி இறக்கிக்கொள்ளுங்கள்.

பிறகு ஊர்க்காரரிடம் கேளுங்கள். கேட்கும் விதம் முக்கியம். "இந்தப் பாதை போகுமா?" என்றால் யாரும் "போகும்" என்றுதான் சொல்வார்கள். "அண்ணே, இதுல டூவீலர் போகுமா, டிராக்டர் மட்டும்தான் போகுமா?" என்று கேளுங்கள். டூவீலர் போனால் சைக்கிள் நன்றாகவே போகும். டிராக்டர் மட்டும் என்றால் மணலோ சேறோ காத்திருக்கிறது. ஆடு மாடுதான் போகும் என்றால் சைக்கிளைத் தள்ள வேண்டிய தூரம் அது.

ஆற்றைக் கடக்கும் இடத்தை மட்டும் பழைய வரைபடத்தை நம்பிப் போடாதீர்கள். விழுப்புரம் பக்கம் தளவானூரில் தென்பெண்ணையின் குறுக்கே புதிதாகக் கட்டிய தடுப்பணை 2021 சனவரியில் உடைந்தது. அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் எல்லீஸ் அணைக்கட்டும் சேதமானது. தரைப்பாலமும் அணைக்கட்டும் ஒரு மழைக்காலத்தில் காணாமல் போகக்கூடியவை. பெரிய பாலம் உள்ள இடமே கணக்கில் சேர்த்தி.

அனுமதி விஷயத்தில் தயக்கம் வேண்டாம். காப்புக்காடு என்று பலகை இருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. ஊசுட்டேரியும் கழுவெளியும் பறவைகள் சரணாலயங்கள். நவம்பர் முதல் பிப்ரவரிவரை வலசைப் பறவைகள் இருக்கும் காலத்தில் பொதுப்பாதையை விட்டுத் தண்ணீர் ஓரம் இறங்காதீர்கள். ஆரோவில் காடுகளில் சில பாதைகள் நடப்பவருக்கு மட்டும், சில மூடியவை. வாயிலில் எழுதியிருப்பதைப் படித்து அதன்படி நடங்கள். வெறுமையாகக் கிடந்த அந்த மேட்டில் 1968க்குப் பிறகு ஒவ்வொரு கன்றாக நட்டு, மண்தடுப்பு போட்டு வளர்த்த காடு அது. டயர் தடம் விழுந்த இடத்தில்தான் அடுத்த மழை ஓடை வெட்டும்.

6. மாதமும் மணியும்

சனவரி முதல் மார்ச் நடுப்பகுதிவரை முதல் தரமான காலம். மண் இறுகியிருக்கும், வெயில் தாங்கும்.

ஏப்ரல், மே மாதங்களில் விடிவதற்கு முன் கிளம்பி 9 மணிக்குள் முடித்துவிடுங்கள். கத்திரி வெயிலில் கரைமேட்டில் நிழல் கிடையாது. மணிக்கு 750 மி.லி. தண்ணீர் வேண்டும், மற்ற மாதங்களில் 500 போதும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் தலை கிறுகிறுக்கும். ஒரு லிட்டருக்குக் கால் டீஸ்பூன் உப்பு, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, அரை மூடி எலுமிச்சை கலந்த பாட்டில் ஒன்று இருக்கட்டும். கோடையில் பனந்தோப்பு ஓரம் பதநீரும் நுங்கும் கிடைக்கும். அதைவிட நல்ல ஊட்டம் எந்தப் பொட்டலத்திலும் இல்லை.

சூன் முதல் ஆகஸ்ட்வரை காலையில் மேல்காற்று, நண்பகலுக்குப் பின் கடல்காற்று. ஆகவே காலையில் காற்றை எதிர்த்து மேற்கே போய், 11 மணிக்குள் கிழக்கே திரும்பிவிட்டால் இரண்டாவது பாதி தானாக ஓடும். தாமதித்தால் திரும்பும்போதும் எதிர்காற்றுதான்.

அக்டோபர் முதல் டிசம்பர்வரை ஆற்றுப் படுகைக்குள் இறங்கவே வேண்டாம். இங்கே வானம் வெளுத்திருந்தாலும் மேலே சாத்தனூரில் தண்ணீர் திறந்தால் தென்பெண்ணை நிறையும், வீடூரில் திறந்தால் சங்கராபரணி நிறையும். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூரிலிருந்து வந்த நீர் கடலூர்க் கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. மழைக்காலம் முடிந்த முதல் ஓட்டத்தில் கரை முழுக்க மெதுவாகப் போங்கள். புல் மூடிய உடைப்பும், உள்ளே குடைந்த பள்ளமும் இருக்கலாம்.

7. வழித்தடங்கள்

*தென்பெண்ணை, பங்காரு வாய்க்கால், பாகூர் ஏரி: சுமார் 45 கிலோமீட்டர்*

முதலில் ஓட்ட வேண்டியது இதுதான். ஆறு, வாய்க்கால், ஏரி மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்புடையவை, பாதையும் அப்படியே தண்ணீர் போன வழியில் போகிறது.

கடலூர் ஆல்பேட்டையில் தென்பெண்ணைப் பாலத்தைக் கடந்து, வடகரையில் மேற்கே திரும்புங்கள். சோரியாங்குப்பம், குருவிநத்தம் வரை கரும்பும் நெல்லும் இருபுறமும். தரை வண்டல், இடையிடையே ஜல்லி. இங்கே முன்னால் 30, பின்னால் 33 பிஎஸ்ஐ நன்றாக இருக்கும். கரைமேல் பாதை மறிக்கப்பட்டிருந்தால் கீழே வயலோரத் தெருவில் இறங்கி அடுத்த மதகில் மீண்டும் ஏறிக்கொள்ளலாம். வரப்பைக் குறுக்கே கடக்க வேண்டாம். பன்றிக்காக மின்கம்பி இழுத்திருக்கும் வயல் எது என்று வெளியாளுக்குத் தெரியாது.

மணமேடு தாண்டி கரையாம்புத்தூர் போகுங்கள். தமிழ்நாடும் புதுச்சேரியும் இங்கே ஊருக்கு ஊர் மாறி மாறி வரும். சொர்ணாவூர் அணைக்கட்டில் தென்பெண்ணை நீரைப் பிரித்து பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரிக்கு அனுப்புகிறார்கள். அணைக்கட்டுதான் திரும்பும் இடம். தண்ணீர் வழிந்துகொண்டிருந்தால் பாசி படிந்த சிமெண்டு மேல் சைக்கிளோடு இறங்காதீர்கள்.

திரும்பும்போது வாய்க்காலைக் கையோரம் வைத்துக்கொண்டு கிழக்கே வாருங்கள். கரை ஆற்றங்கரையைவிடக் குறுகியது, நெருஞ்சி அதிகம். எதிரே மாடு வந்தால் நின்று, மாட்டுக்கு வாய்க்கால் பக்கத்தை விடாமல் வயல் பக்கத்தை விடுங்கள். வாய்க்கால் பக்கம் ஒதுங்கும் மாடு சரிந்து விழும். பாகூர் ஏரி புதுச்சேரியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி. ஏரிக்கரையில் காலை 8 மணிக்குள் இருந்தால் பறவைகள் பார்க்கக் கிடைக்கும். பாகூரில் சாப்பிட்டுவிட்டு கன்னியாக்கோவில் வந்து, பெருஞ்சாலையில் கடலூர். நல்ல உடல்நிலையில் உள்ளவருக்கு நின்று நின்று போனாலும் நாலு மணி நேரம்.

*கெடிலமும் முந்திரிக்காடும்: 50 முதல் 60 கிலோமீட்டர்*

கடலூர், திருவந்திபுரம், கேப்பர் மலை, நடுவீரப்பட்டு, பத்திரக்கோட்டை, பண்ருட்டி. திரும்புவது திருவதிகை, திருமாணிகுழி வழியாகக் கெடிலத்தை ஒட்டி. போகும்போது செம்மண்ணும் தோப்பும், வரும்போது ஆறு.

முந்திரித் தோப்பில் நான்கு விஷயம். கிளைகள் தாழ்வாக, தலை உயரத்தில் படரும், ஹெல்மெட் இல்லாமல் நுழையாதீர்கள். உதிர்ந்த இலை மெத்தை வழுக்கும். பூக்கும் காலத்தில், சனவரி பிப்ரவரியில், மருந்து அடிக்கும் தோப்பைச் சுற்றிப் போங்கள். மார்ச் முதல் மே வரை கொட்டை பொறுக்குவதற்காக மரத்தடியைக் கூட்டிச் சுத்தமாக வைத்திருப்பார்கள், அந்த இடத்தில் டயரை ஏற்றுவது அவர்கள் உழைப்பை மிதிப்பது. வண்டிப்பாதையை விட்டு விலகாதீர்கள்.

விலகாமல் இருப்பதற்கு இன்னொரு காரணம் மொட்டைக் கிணறு. கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறுகள் தோப்புக்குள்ளும் கொல்லைக்குள்ளும் புதர் மூடிக் கிடக்கின்றன. பொழுது சாய்ந்த பின் இந்தப் பகுதியில் மண் பாதையில் இருக்கவே கூடாது.

*ஆரோவில் மேடு, புத்துப்பட்டு: 35 கிலோமீட்டர்*

புதுச்சேரியிலிருந்து பொம்மையார்பாளையம், குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, இரும்பை, அங்கிருந்து கீழ்ப்புத்துப்பட்டு. முழுக்கச் செம்மண், புதியவர்களுக்கு ஏற்றது. புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றியிருக்கும் காடு, சோழமண்டலக் கரையில் எஞ்சியிருக்கும் உலர் பசுமைமாறாக் காடுகளில் ஒன்று. ஊர்க்காரர்கள் சாமிக்குப் பயந்து மரம் வெட்டாமல் காத்தது. சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.

*சங்கராபரணி வழியே திருவக்கரை: போக வர 60 கிலோமீட்டர்*

வில்லியனூர், ஊசுட்டேரி, சுத்துக்கேணி, திருவக்கரை. சுத்துக்கேணியிலிருந்துதான் ஊசுட்டேரிக்கு வாய்க்கால் பிரிகிறது. திருவக்கரையில் கல்லாகிப் போன மரங்கள், சுமார் இரண்டு கோடி ஆண்டுப் பழமை. இந்தத் தடத்தில் குவாரி லாரிகள் ஓடும். லாரி ஓடிய செம்மண் சாலையில் அலை அலையாக மேடு விழுந்து கையை உதறும். ஓரத்தின் ஓரமாக, லாரிச் சக்கரம் படாத ஒரு முழ அகலத்தைப் பிடியுங்கள். ஞாயிறு காலை லாரி குறைவு.

*கொள்ளிடக்கரை*

கடலூர் மாவட்டத்தின் தெற்கு எல்லை. அணைக்கரையிலிருந்து கிழக்கே கரைமேல் நீண்டு போகலாம். வெயிலும் தனிமையும் தாங்குபவருக்கு மட்டும், இருவருக்குக் குறையாமல் போங்கள். சிதம்பரம் பக்கம் பழைய கொள்ளிடத்திலும் அதன் கிளைகளிலும் முதலைகள் இருக்கின்றன, ஆட்களைத் தாக்கியிருக்கின்றன. தண்ணீர் ஓரம் கால் கழுவவோ சைக்கிள் கழுவவோ இறங்காதீர்கள்.

கடலோரச் சவுக்குத் தோப்புகளைத் தனித் தடமாகப் போடவில்லை, மற்ற தடங்களோடு இணைத்துக்கொள்ளலாம். தாழங்குடா பக்கம் சவுக்கு ஊசி உதிர்ந்து மணலை மூடிய இடத்தில் சக்கரம் புதையாமல் ஓடும். மரம் வெட்டிய தோப்பில் மட்டும் ஊசிக்கு அடியில் ஒரு சாண் உயரக் கட்டைகள் நிற்கும்.

8. நாய், பாம்பு, அடிபட்டால்

நாய் துரத்தினால் மண் பாதையில் வேகமெடுக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவே வைத்து, நடந்து கடந்துவிடுங்கள். கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஊசி.

பாம்பு பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும் பாதையைக் கடக்கும். முள் பிடுங்க, சிறுநீர் கழிக்கப் புல்லுக்குள் இறங்கும்போதுதான் கவனம். கடித்தால் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கயிறு கட்டக் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல், 108ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும். கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை, புதுச்சேரியில் கோரிமேடு ஜிப்மர்.

கிளம்பும் முன் வீட்டில் ஒருவரிடம் எந்தத் தடம், எத்தனை மணிக்குத் திரும்புவது என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனில் இருப்பிடத்தைப் பகிர்ந்துவிட்டாலும் கரைமேட்டில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும்.

9. வந்த பிறகு அரைமணி நேரம்

செம்மண் காய்வதற்கு முன் கழுவுங்கள். வாளித் தண்ணீரும் பிரஷும் போதும். வாட்டர் சர்வீஸ் கடையில் அழுத்தத் தண்ணீரைச் சக்கர அச்சிலும் மிதிகட்டை அச்சிலும் அடித்தால் கிரீஸ் கழன்று, அங்கே மண் போய் உட்காரும். கடலோரம் போன நாளில் கழுவாமல் விட்டால் மறுநாள் காலையே செயினில் துரு தெரியும்.

செயினைத் துணியால் துடைத்து, முழுக்கக் காய்ந்தபின் கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய், பத்து நிமிடம் கழித்து வெளியே ஒட்டியதைத் துடைத்துவிடுங்கள். வெளியே எண்ணெய் மினுங்கினால் அடுத்த ஓட்டத்தில் செம்மண் அதில் ஒட்டி அரைக்கும். டிஸ்க்கில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் பிரேக் பேட் வீணாகும், துடைக்கும் துணியை இரண்டாகப் பிரித்து வையுங்கள்.

கடைசியாக டயரை வெளிச்சத்தில் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். குத்தியிருக்கும் ஒவ்வொரு முள்ளையும் முள்வாங்கியால் எடுத்து, எந்தத் தடத்தில், எந்த மாதத்தில் எத்தனை முள் என்று குறித்து வையுங்கள். பாதை எங்கே உடைந்திருந்தது, எந்த மதகில் கீழே இறங்கினீர்கள் என்பதையும் ஜிபிஎக்ஸ் கோப்பிலேயே புள்ளியாக வைத்து, தேதி போட்டு, அடுத்து ஓட்டப்போகிறவருக்கு அனுப்பிவிடுங்கள்.